பன்னிரண்டாவது ஹால் டிக்கெட்

பிப்ரவரி பாதி தாண்டி வெயில் ஏறத் தொடங்கியதும் எனக்கு அந்தக் கனவு வந்துவிடும். பெரிய ஹால். ஜன்னலுக்கு வெளியே டிராம்பே காடி, அந்தக் கடற்கழியில் தண்ணீர் வற்றிய சேற்றில் பூநாரைகள், தூரத்தில் ரிஃபைனரியின் தீ. நான் பதினாறு வயதுக்காரியாக இரட்டைச் சடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஜியோமெட்ரி பேப்பர். எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்திருப்பேன். டீச்சர் பேப்பர் வாங்கிக்கொண்டே வருவார். முன் பெஞ்சில் வாங்குவார், பின் பெஞ்சில் வாங்குவார், என்னை மட்டும் தாண்டிப் போய்விடுவார். நான் பேப்பரை நீட்டிக்கொண்டே நிற்பேன். பிள்ளைகள் போய்விடுவார்கள், டீச்சர் போய்விடுவார், பூநாரைகள்கூட எழும்பிப் போய்விடும். என் பேப்பரை வாங்க ஆளிருக்காது.

கண் விழித்தால் மத்தியானம் மூன்று மணியாக இருக்கும். சீத்தா கேம்ப் சந்தில் மீன்காரி கூவிக்கொண்டு போவாள். இருபத்தைந்து வருஷமாக இதே கனவுதான். புதிதாக ஒன்றும் தோன்றக் கூடாதா என்று கனவின் மேலேயே எரிச்சல் வரும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வது பொய்யில்லை.

என் பெயர் லூசியம்மாள். வயது நாற்பத்திரண்டு. பத்தாவதில் நான் ஃபெயில். இந்த மூன்றாவது விஷயம் இந்த வருஷப் பிப்ரவரி வரைக்கும் இந்த பம்பாயில் யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் என் அப்பா ஞானமுத்து. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

நாலு மார்க்கில் போயிற்று. பத்து வருஷம் மழையிலும் வெள்ளத்திலும் யூனிஃபார்மை நனைத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போனவளை நாலு மார்க் வாசலிலேயே நிறுத்திவிட்டது. மறுபடி எழுத அப்பா விடவில்லை. இரண்டு வருஷத்தில் தனசீலன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பெண் பத்தாவது பாஸ் என்று அப்பா கூசாமல் சொன்னார். நான் சமையலறையில் கேட்டுக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளை மட்டும், தான் எட்டாவதில் ஃபெயிலாகி வேலைக்குப் போய்விட்டதாகத் தன் வாயாலேயே சொன்னார். அப்பாவே கேட்காத கேள்விக்கு அவர் சொன்ன பதில் அது. செம்பூர்க் கோயிலில் கல்யாணம் நடந்தது. சபையின் குடும்பப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'பத்தாம் வகுப்பு தேர்ச்சி' என்று எழுதினார்கள். மை காய்வதற்குள் நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு அந்தப் பொய்க்கு நான் சோறு போட்டு வளர்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரருக்கு என் படிப்பின் மேல் அவ்வளவு பெருமை. ரிஃபைனரியில் கான்ட்ராக்ட் ஃபிட்டராக இருக்கிறார். கூட வேலை செய்கிறவர்களின் பேங்க் ஃபாரம், பி.எஃப். ஃபாரம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், என் வீட்டம்மா பத்தாவது பாஸாக்கும் என்று சொல்லி. அப்படியே நான் இந்தச் சந்துக்கு ஃபாரம் அக்காவாகிவிட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், ஸ்கூல் அட்மிஷன் என்று இங்கிலீஷிலும் மராத்தியிலும் எழுதி எழுதி என் விரலில் காய்ப்புக் கண்டுவிட்டது. எல்லா ஃபாரத்திலும் படிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். மற்றவர்களுக்கு உள்ளதை எழுதுவேன். எனக்கு எழுதும்போது மட்டும் எஸ்.எஸ்.சி., அதாவது பத்தாவது பாஸ், என்று போடுவேன். போடும்போதெல்லாம் உள்ளுக்குள் ஏதோ சுருங்கும்.

போன வருஷம் பக்கத்துச் சந்து நூர் நிஷா ஒரு வேலைக்கான ஃபாரம் கொண்டுவந்தாள். படிப்பு ஏழாவது என்றாள். பத்து என்று போட்டுவிடட்டுமா, யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டேன். கேட்டது என் புத்தி.

"ஏழுன்னே போடுங்கக்கா. படிச்சது ஏழுதானே" என்றாள்.

வெட்கமும் இல்லை, வீம்பும் இல்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதைப் போலச் சொன்னாள். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அன்று மத்தியானமும் கனவு வந்தது. அந்த வாரமே, தனியாகப் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான ஃபாரம் ஒன்றை எனக்காக நிரப்பினேன். பழைய மார்க்கெல்லாம் செல்லாது, எல்லாப் பாடமும் புதிதாக எழுத வேண்டும் என்றார்கள். சரி என்றேன். அவரிடம் சொல்லவில்லை. பாஸானால் சொல்வதற்கே ஒன்றும் இல்லை, சொன்ன பொய் தானாகவே உண்மையாகிவிடும். அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

பாடம் படித்த கதை ஒரு கூத்து. எங்கள் மகள் ஷைனி நாசிக்கில் நர்ஸாக இருக்கிறாள், வீடு பகலெல்லாம் காலி. எதிர்வீட்டு ஜாய் என்கிற பெண் மராத்தி படிக்க என்னிடம் வந்துகொண்டிருந்தாள். இந்த வருஷம் பத்தாவது. கணக்கில் கெட்டிக்காரி. அவளுக்கு மராத்தி சொல்லிக்கொடுத்துவிட்டு, ஜியோமெட்ரியில் இந்தத் தேற்றம் உனக்கு உண்மையிலேயே புரிந்திருக்கிறதா பார்க்கலாம், எனக்கு விளக்கிச் சொல் என்பேன். அவள் வட்டம் போட்டு, கோணம் குறித்து, மூச்சு விடாமல் சொல்வாள். நான் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சொல் என்பேன். அவள் போனதும் காப்பி ஆறுவது தெரியாமல் அதையே போட்டுப் பார்ப்பேன். கையில் பென்சில் ஓடும்போது வீடே லேசாகிவிடும். வட்டத்துக்குள் நானும் ஒரு புள்ளியாக எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதில் இருந்தது.

ஜாய்க்குப் பரீட்சை என்றால் ஆகாது. ஒருநாள் நோட்டை மூடி வைத்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள்.

"பத்து வருஷம் டெய்லி ஸ்கூல் போனேன்ல ஆன்ட்டி. அது கவுன்ட்டே இல்லியா? ரெண்டு மணி நேரம் ஒரு பேப்பர எழுதி, அதுல போச்சுன்னா பூரா போச்சா? யே கைசா இன்சாஃப் ஹை?"

இது என்ன நியாயம் என்கிற இதே கேள்வியை நான் இருபத்தைந்து வருஷமாகச் சுவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பரீட்சையே வேண்டாமென்றால் யார் படிப்பை முடித்தார்கள், யார் முடிக்கவில்லை என்று எப்படித் தெரியும் என்று கத்தினேன். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அவள் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு மராத்தியை எடு என்றேன். அந்தப் பரீட்சை நான் பாதியில் நிற்கிற கதவு. அந்தக் கதவே தேவையில்லை என்று ஒரு சின்னப் பெண் சொன்னால், நான் இத்தனை வருஷம் எங்கே நின்றேன்?

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பத்தாவது எழுதும் பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டுகளை ஆல்டரில் வைத்து ஜெபம் பண்ணுவார்கள். பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள் என்று சனிக்கிழமையே எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிடுவார்கள். நான் ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் அடுக்கி, பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி வைப்பேன். கமிட்டியில் இருக்கிற என் வீட்டுக்காரர் ஃபைலை ஆல்டரில் வைத்துவிட்டு, அந்தத் தாளைப் பார்த்துப் பெயர்களை வாசிப்பார். ஃபைலை யாரும் திறப்பதில்லை. ஜெபம் முடிந்ததும் அது என் கைக்கே திரும்பி வரும்.

இந்த வருஷம் பதினொரு பிள்ளைகள். பதினொரு பெயர் எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். என் ஹால் டிக்கெட் அரிசி டப்பாவுக்கு அடியில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைக்கிற ஜெபம் எனக்கு மட்டும் இல்லையா என்று மனசு அடித்துக்கொண்டது. எல்லாருடையதையும் வாங்கிக்கொண்டு என்னை மட்டும் தாண்டிப் போகிற அந்த டீச்சர் ஞாபகம் வந்தது. அதை எடுத்து ஃபைலின் அடியில் கவிழ்த்து வைத்தேன். கடவுளுக்குத் தெரிந்தால் போதும், தாளில் எழுத வேண்டாம் என்று நினைத்தேன்.

பாஸ்டர் புதியவர், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. இளவயசு. பிள்ளைகள் பெயரைச் சும்மா வாசித்துவிட்டால் எப்படி, ஒவ்வொருவராக முன்னால் வரட்டும், ஹால் டிக்கெட்டை நானே கையில் கொடுத்து ஜெபம் பண்ணுகிறேன் என்றார். ஃபைலைத் திறந்தார்.

ஜாய் போனாள். ஒவ்வொருவராகப் போனார்கள். என் வீட்டுக்காரர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பாஸ்டர் பக்கத்தில் நின்று ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஃபேன் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்பது போல இருந்தது. கனவில் நடக்கிற மாதிரியே எல்லாம் மெதுவாக நடந்தது. பதினொன்று முடிந்தது. பாஸ்டர் அடியில் இருந்ததைப் புரட்டினார்.

"லூசியம்மாள் ஞானமுத்து."

அவருக்கு நான் மிஸஸ் தனசீலன். வேறு யாரோ ஒரு பெண் பிள்ளை எழுந்து வருவாள் என்று நாலாபுறமும் பார்த்தார். சபையில் லூசியம்மாள் நான் ஒருத்திதான். பெண்கள் பக்கம் தலைகள் திரும்பின. என் வீட்டுக்காரர் குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தார். அதில் என் போட்டோ இருந்தது. கிறிஸ்துமஸுக்கு அவர் தாதரில் அலைந்து வாங்கிக் கொடுத்த பச்சைச் சேலையில் எடுத்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"இது பழசுங்க ஐயா. வீட்டுல உள்ளவ படிச்ச காலத்துல உள்ளது. ஃபைல்ல தவறி வந்துட்டு" என்றார்.

வீட்டு வாசலில் கடன்காரன் வந்து நின்றால்கூட இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். எட்டாவது ஃபெயில் என்று பெண் வீட்டில் போய்ச் சொன்ன மனுஷன். ஆல்டர் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்காகப் பொய் சொன்னார். சொன்னதும் அவர் காது சிவந்துபோனது எனக்கு மூன்றாவது பெஞ்சிலிருந்தே தெரிந்தது. நான் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் அதோடு முடிந்துவிடும். நான் இருபத்து நாலு வருஷம் பொய் சொன்னதைத் தாங்கிக்கொண்டேன். அவர் ஒரே ஒரு தடவை சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து போனேன். பிள்ளைகளின் வரிசைக்குப் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினேன்.

"பழசு இல்ல ஐயா. என்னோடதுதான். நான் அப்போ பாஸாகல. இந்த வருஷம் எழுதப்போறேன்."

பாஸ்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஹால் டிக்கெட்டை என் கையில் வைத்தார். பன்னிரண்டு பேருக்கும் ஜெபம் பண்ணினார். ஜெபத்தில் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வார்த்தைகூட நினைவில்லை. ஜாய் கண்ணைத் திறந்துகொண்டு என் காதுக்குள் சொன்னதுதான் நினைவிருக்கிறது: "அதான் அந்தத் தேற்றத்த அத்தன வாட்டி கேட்டீங்களா?"

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்காரவில்லை. மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். சந்தில் பேச்சுக்கு ஒன்றும் குறைவில்லை. ஃபாரம் அக்காவே ஃபெயிலாமே என்று சிரித்தார்கள். சிரித்தவர்களே சாயங்காலம் ஃபாரத்தோடு வந்து நின்றார்கள். அதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அவருடைய மௌனம்தான் என்னை அரித்தது. நாலாம் நாள் காலையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டே கேட்டார்.

"எட்டாவது ஃபெயிலுன்னு நான் ஒங்க வீட்டுல இருந்து சொன்னேன். ஒனக்கு அது கேட்டிச்சா, இல்லியா?"

"கேட்டிச்சு."

"பெறவு நீ ஏன்ட்டி சொல்லல?"

அப்பாவைக் குறை சொல்லலாம், பயம் என்று சொல்லலாம். அதெல்லாம் பாதிதான். கல்யாணமான புதிதில், தன் கூட்டாளிகளிடம் என் படிப்பைச் சொல்லும்போது அவர் முகம் மலரும். அந்த முகத்தை எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகத்தான் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டி முடித்தார். எழுந்து போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே வட்டம் போட்டேன்.

ஜியோமெட்ரி பேப்பர் அன்று காலையில் அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஹால் டிக்கெட் எடுத்தியா என்றார். எடுத்தேன் என்றேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மான்கூர்டு தாண்டியதும் இன்னொரு தடவை கேட்டார். செம்பூரில் சென்டர் வாசலில், பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கு நடுவில் நின்றுகொண்டு மூன்றாவது தடவை கேட்டார். நான் எடுத்துக் காட்டினேன். என் காம்பஸ் பெட்டியைத் திறந்து, பென்சில் முனையைத் தன் கட்டை விரலில் குத்திப் பார்த்து, மூடிக் கொடுத்தார். மன்னித்துவிட்டேன் என்று அவருக்கு வாயால் சொல்ல வராது. எனக்கு அது போதும்.

ஹாலில் ஜன்னலுக்கு வெளியே காடி இல்லை, ஒரு வேப்பமரமும் தண்ணீர் டேங்கும்தான் இருந்தன. ஆனாலும் ஹால் அதேதான். முன் பெஞ்சில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பினால் என் முகம் இருக்கும் என்று தோன்றியது. பயப்படாதே, நாலு மார்க்தானே, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் முதுகிடம் மனசுக்குள் சொன்னேன். எழுத ஆரம்பித்ததும் சத்தமெல்லாம் அடங்கியது. வட்டங்கள் தாமாகவே வந்து தாளில் உட்கார்ந்தன. ஒரு தேற்றத்தில் பாதியில் மறந்துபோனது. ஜாயின் குரலை நினைத்துக்கொண்டேன், மீதி வந்தது.

மணி அடித்தது. டீச்சர் பேப்பர் வாங்கிக்கொண்டே வந்தார். என் மகள் வயசுதான் இருக்கும். முன் பெஞ்சில் வாங்கினார். என் பெஞ்சுக்கு வந்தார், கையை நீட்டினார், என் பேப்பரை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். நான் எழுந்திருக்காமல் அப்படியே இருந்தேன். உடம்பு சரியில்லையா என்று கேட்டார். ஒன்றுமில்லை, முடிந்துவிட்டது என்றேன்.

மே மாதத்தில் ரிசல்ட் வந்தது. கணக்கில் நாற்பத்தொன்று, மொத்தத்தில் பாஸ். ஜாய் எண்பத்தெட்டு சதவீதம். இப்போதும் பரீட்சை அநியாயம்தான் என்கிறாள். இப்போது நான் அவளிடம் கத்துவதில்லை. கனவு நின்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஒரு மத்தியானம் மறுபடியும் வந்தது. அதே ஹால், அதே காடி. பெஞ்சின் மேல் ஒன்றும் இல்லை. நான் நாற்பத்திரண்டு வயதில், நரைத்த தலையோடு, பூநாரைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எழுப்பவில்லை.

அந்த மாதக் கடைசியில் பாஸ்டர், சபையின் குடும்பப் பதிவேடு செல்லரித்துவிட்டது, புதிய நோட்டில் எழுதித் தர முடியுமா என்று என்னைக் கேட்டார். கோயில் ஆபீஸில் உட்கார்ந்து ஒவ்வொரு குடும்பமாகப் பார்த்து எழுதினேன். என் வீட்டுக்காரர் பழைய நோட்டைப் புரட்டிக் கொடுத்தார். எங்கள் பக்கம் வந்தது. மங்கிப்போன எழுத்தில் விவாகம் 2001. தனசீலன், எட்டாம் வகுப்பு. லூசியம்மாள், பத்தாம் வகுப்பு தேர்ச்சி. அவர் அந்த வரியை விரல் வைத்து மெதுவாக வாசித்தார். தமிழ் அவருக்கு நன்றாக வரும்.

"இதுல மாத்துததுக்கு ஒண்ணும் இல்லட்டி. அப்படியே எழுதிரு" என்றார்.

அவர் சொன்னது சரிதான். அன்றைக்குப் பொய்யாக எழுதிய அதே வார்த்தைகள் இன்றைக்கு உண்மை. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பழைய நோட்டை எரித்துவிட்டால், இப்படி ஒன்று நடந்தது என்றே யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் அப்படியே எழுதினேன். பத்தாம் வகுப்பு தேர்ச்சி. பேனாவை எடுக்காமல் பக்கத்திலேயே 2025 என்று வருஷத்தையும் எழுதினேன்.

அவர் அதைப் பார்த்தார். மேலே இருந்த கல்யாண வருஷத்தையும் பார்த்தார். நோட்டைப் புரட்டுகிற எவருக்கும் இனிமேல் அது தெரியும். மை காயும்வரை, ஃபேன் காற்றில் தாள் புரண்டுவிடாமல், அதன் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.